தை வரைக்கும் ஜூலி

"இதுல எந்த நாயி சீக்கிரம் சாவும்?"

கேட்ட ஆளைத் தேவமணி ஏற இறங்கப் பார்த்தாள். அறுபதை நெருங்கும் வயது. தோளில் கயிற்றுச் சுருள், உப்பில் வெடித்த பாதம். திறந்திருந்த காலருக்குக் கீழே, கழுத்தில் ஊதா மை கோடு கோடாக இருந்தது.

"உப்பு மூட்டைக்கு மார்க் போடுத மை தான அது? ஒரு இடத்துக்கு வரும்போது கழுவிட்டு வரப்படாதா?"

"கழுவக் கூடாதுன்னுருக்காவ."

"யாரு, உங்க முதலாளியா?"

அவர் நாய்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். திமிர் பிடித்த ஆள் என்று எடுத்த எடுப்பிலேயே அவளுக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

தெருவில் கிடக்கும் நாய்களைத் தூக்கி வந்து தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்கும் காப்பகம் அது. தூத்துக்குடி ஊர் முடிந்து உப்பளம் தொடங்கும் இடத்தில் ஒன்பது வருடமாக நடத்துகிறாள். ஐப்பசி வந்தாலே அவள் உஷாராகிவிடுவாள். மழைக்கு அளத்தில் வேலை நின்றுவிடும். ஓலை போட்டு மூடிய உப்புக் குவியலுக்குக் காவல் இருக்க நாய் தேடி வருவார்கள். தை பிறந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பியதும் நாயை வரப்பிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

போன வருடம் அப்படி ஒருவர், "பிள்ள மாதிரி பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி ஜூலியைக் கொண்டுபோனார். இவளும் நம்பிக் கொடுத்தாள். மாசியில் கயிறு அறுத்த கழுத்தோடு அது வரப்பில் கிடந்தது. இவள்தான் திரும்பத் தூக்கி வந்து பிழைக்க வைத்தாள். அந்தப் பாவம் தன்னுடையதுதான் என்று இன்றுவரை அவளுக்கு மனசு ஆறவில்லை.

"உங்க பேரு?"

"அய்யாக்குட்டி."

"வேல?"

"அளத்துல காவக்காரனா இருந்தேன்."

அவளுக்கு அது போதும். இந்த ஆளுக்கு இங்கே ஒரு வால்கூடக் கிடையாது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டாள். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"வீட்டுல யாரு இருக்கா?"

"யாருமில்ல. நான் மட்டுந்தான்."

"நீங்க வேலைக்குப் போயிட்டா நாயை யாரு பாப்பா?"

"நான் எங்கன போவப் போறேன்? வீட்டுலதான் கெடக்கேன்." குரல் கரகரத்தது. காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்த குரல் என்று அவள் நினைத்தாள்.

விண்ணப்பத் தாளை அவர் முன்னால் தள்ளினாள். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். 'நாய் சாகும்வரை வளர்ப்பேன், நடுவில் கைவிட மாட்டேன்' என்ற வரிக்கு வந்ததும் விரல் நின்றது.

"அதனாலதான் கேட்டேன். எது சீக்கிரம் சாவும்?"

அதற்குள் ஒரு குட்டி ஓடிவந்து அவர் பாதத்தை நக்கியது. காலால் அதை மெல்ல ஒதுக்கிவிட்டார். "இது வேண்டாம். இது பத்து வருசம் கெடக்கும்." பிறகு மூலையைக் காட்டினார். "அந்தா படுத்துருக்கே, அது?"

"அது ஜூலி. வயித்துல கட்டி. தை வரைக்கும் இருந்தாப் பெருசுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அய்யாக்குட்டியின் முகம் தெளிந்தது. "தை வரைக்குமா? அது போதும். அதையே குடுங்க."

தேவமணிக்குக் கோபம் உச்சி மண்டை வரைக்கும் ஏறியது. அதைக் கவனிக்காமல் அவர் ஜூலியிடம் போனார். அது பல்லைக் காட்டி உறுமியது. ஓர் எட்டுத் தள்ளிக் குத்தவைத்து, அதன் கழுத்துத் தழும்பையே கொஞ்ச நேரம் பார்த்தார். தோளில் கிடந்த கயிற்றை எடுத்து வேலிக்கு அந்தப் பக்கம் வீசினார்.

"என்ன நடிப்பு நடிக்கீரு?" என்று கத்தினாள் தேவமணி. 'நீங்க' எப்போது 'நீரு' ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை. "உம்ம மாதிரி எத்தன பேரப் பாத்துருக்கேன்! தையில அளத்துக்கு ஆளு வந்துரும். அதுக்குள்ள நாயும் செத்துரும். வரப்புல கொண்டு விடுத வேலகூட மிச்சம். அப்படித்தான?"

"வரப்புல விடக் கூடாதுன்னுதாம்மா கேக்கேன்."

"போம் வெளிய! இல்லன்னா போலீசுக்குப் போன் போடுவேன்."

அவர் தரையில் கை ஊன்றி எழுந்தார். எழவே நேரமாயிற்று. அந்தக் குட்டி விடாமல் அவர் பின்னாலேயே கேட் வரைக்கும் ஓடியது. குனிந்து அதன் தலையைத் தடவிவிட்டு, அவளிடமே திருப்பித் தூக்கிக் கொடுத்தார்.

அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டை மறித்து நின்றாள். "நில்லும். பத்து வருசம் வாலாட்டப் போவுத குட்டி வேண்டாம். சாவக் கெடக்குததுதான் வேணும். இதுக்கு ஒரு காரணத்தச் சொல்லிட்டுப் போம்!"

அய்யாக்குட்டி எச்சிலை விழுங்கினார். அது இறங்கவே சிரமப்பட்டது. கழுத்தில் இருந்த ஊதாக் கோடுகள்மேல் கை வைத்துக்கொண்டார்.

"எனக்கு மாசி தாண்டாதுன்னு, இந்தக் கோட்டப் போட்ட ஆஸ்பத்திரியில சொல்லிட்டாவம்மா."