எட்டாவது ஆள்

"மேடைக்கெல்லாம் நான் வரல டீச்சர். என்ன விட்டுடுங்க."

தம்புசாமி இதை நாலாவது தடவையாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே காலில் கட்டிய சலங்கையை அவிழ்க்கக் குனிந்தார்.

கிள்ளானில் ஒரு கடை வரிசையின் மாடியில், சமூகக் கமிட்டி கொடுத்த அறையில், சனிக்கிழமைதோறும் ஆண்களுக்கு ஒயிலாட்டம் சொல்லித் தருகிறவள் அமுதவள்ளி. தீபாவளிப் போட்டிக்கு எட்டுப் பேர் வேண்டும். இரண்டு வரிசை, வரிசைக்கு நாலு பேர். தம்புசாமியை விட்டுவிட்டே எட்டுப் பேர் இருந்தார்கள். நேற்று முகுந்தன் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

"அஞ்சே கால் ஆச்சு அங்கிள். ஆறு மணிக்குள்ள ஃபாரம் போய்ச் சேரணும். ஏழு பேருன்னா வாங்கவே மாட்டாங்க."

"வேற ஆளப் பாருங்க."

"முக்கா மணி நேரத்துல ஒயிலாட்டம் தெரிஞ்ச ஆளுக்கு நான் எங்க போவேன்? மேரு பாசார்ல காய்கறியாட்டம் கிலோ போட்டா விக்கிறாங்க?"

லோரி ஓட்டும் வாசு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஆட்டத் துணியாலேயே விசிறிக்கொண்டிருந்தான். "அண்ணனுக்கு வெக்கம் டீச்சர். வீட்ல இராஜம்மாக்கா பாத்துடும்னு பயம்லா."

"நீ சும்மா இரு. உன் காலு எந்தப் பக்கம் போவுதுன்னு உனக்கே தெரியல, என்னப் பத்திப் பேச வந்துட்ட."

அறையே சிரித்தது. வாசுதான் பெரிதாகச் சிரித்தான்.

ஆனால் வெட்கம் என்று அவன் சொன்னது பொய்யில்லை. நாலு மாதத்துக்கு முன் தம்புசாமி வந்த நாள் அமுதவள்ளிக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி ஏற்றுகிறவர். குளித்து, தலையைப் படிய வாரி, கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையில் வாசலிலேயே நின்றார். "அம்பத்தாறு வயசாச்சும்மா. இனிமே எனக்கெல்லாம் வருமா?" என்றார்.

"வராம எங்க போவும், உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்து வரிசையில் நிறுத்திவிட்டாள். ஒரு மணி நேரம் குதித்து முடித்து, மூச்சு வாங்க, "சரி டீச்சர், எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டாரே பார்க்கலாம். செந்தூலில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை தப்பவில்லை. ஓவர்டைமை விட்டுவிட்டு வந்தார். பெட்டி சுமந்து கூனிப்போயிருந்த முதுகு மூன்றாம் மாதம் நிமிர்ந்தது. இன்றைக்கு அந்த அறையில் அவரைப்போல் ஆட இன்னொரு ஆள் இல்லை. மேடை என்றால் மட்டும் ஓடி ஒளிகிறார்.

"வீட்ல திட்டுவாங்களா அங்கிள்?"

"திட்டுனா வாங்கிக்கிட்டுப் போயிடுவேனே. அவ பெருமையா இல்ல பேசறா. எங்க வீட்டுக்காரரு கிளாஸுக்குப் போறாருன்னு அக்கம்பக்கம் பூரா சொல்லி வச்சிருக்கா. எனக்காகப் பாசாருக்குத் தனியாப் போயி, பையெல்லாம் அவளே தூக்கிட்டு வரா. அவ முன்னாடி மேடையில நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கிறது?"

"அப்படிப் பெருமைப்படறவங்க நீங்க ஆடறதப் பாக்க வேணாமா?"

தம்புசாமி சலங்கையை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்தார்.

அமுதவள்ளி இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். "கமிட்டியில முடிவா சொல்லிட்டாங்க. இந்த வருஷம் போட்டிக்குப் போகலன்னா, இந்த ரூம ஸும்பா கிளாஸுக்குக் குடுத்துடுவாங்க. அடுத்த சனிக்கிழமையிலேர்ந்து நமக்கு இங்க எடம் இல்ல."

வாசு விசிறுவதை நிறுத்தினான்.

"அப்ப இவனுங்கள்லாம்?" என்றார் தம்புசாமி.

"நான் லோரி மேல ஏறி ஆட வேண்டியதுதான்" என்றான் வாசு. யாரும் சிரிக்கவில்லை.

தம்புசாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, அவிழ்த்த சலங்கையை மறுபடியும் இறுக்கிக் கட்டினார்.

"பாட்டப் போடுங்க டீச்சர். இராஜம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். என்னைக்கிருந்தாலும் சொல்லித்தான ஆகணும்."

எட்டுச் சிவப்புத் துணிகள் ஒரே நேரத்தில் மேலே எழுந்தன. பதினாறு கால்கள் ஒரே காலாக விழ, கீழே சாப்பாட்டுக் கடைக்காரர் வெளியே வந்து மாடியை அண்ணாந்து பார்த்தார். தம்புசாமி முன்வரிசையில் சுழன்று உட்கார்ந்து எழுந்த வேகத்தில் வாசு தன் அடியை மறந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். அமுதவள்ளி அவனைத் திட்டக்கூட மறந்துபோனாள்.

பாட்டு முடிந்ததும் ஃபாரத்தோடு ஓடி வந்தாள். "உங்க பேரு, ஐ.சி. கார்டு நம்பர் எல்லாம் நானே எழுதிட்டேன். கீழ ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க அங்கிள், நேரமாச்சு."

தம்புசாமி பேனாவை வாங்கினார். பார்த்தார். திருப்பி அவளிடமே கொடுத்துவிட்டு, வியர்வையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இடது கைக் கட்டைவிரலை நீட்டினார்.

"ஏன் அங்கிள், பேனாவுக்கு என்ன?"

"அதப் புடிக்கக் கத்துக்கத்தான் டீச்சர் நான் அன்னிக்கு வந்தேன்" என்றார் தம்புசாமி, முகமெல்லாம் சிரிப்பாக. "பெரியவங்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் குடுக்கறது இந்த மாடியிலதான்னு சொன்னாங்க, ரெண்டு கதவுலயும் என்னமோ எழுதியிருந்துச்சு, உங்க கதவுதான் தொறந்திருந்துச்சு."