தொரையைப் பிடிக்கப் பன்னிரண்டு பேர்

எங்கள் எஸ்டேட் தொரை பெஞ்சின் மேல் ஏறி, எங்களுக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

கீழே நாங்கள் பன்னிரண்டு பேர், கொழுந்து பறிக்கிற கையை எல்லாம் நீட்டிக்கொண்டு. அவர் அப்படியே பின்னால் சாய்வாராம். நாங்கள் பிடிப்போமாம். பிடித்துவிட்டால் கம்பெனிக்கும் எங்களுக்கும் நடுவில் நம்பிக்கை வந்துவிடுமாம்.

இதைச் சொல்லிக் கொடுக்க எர்ணாகுளத்திலிருந்து மோனிஷா என்று ஒரு மேடம் வந்திருந்தது. நல்ல பிள்ளை. எல்லோருக்கும் கை கொடுத்தது. பேனர்கூடக் கட்டியிருந்தார்கள், மலையாளத்திலும் இங்கிலீஷிலும். நம்ப வேண்டியவர்கள் மட்டும் தமிழ்க்காரிகள்.

இருந்த நம்பிக்கை எங்கே போச்சு என்று கேட்பவர்கள் குருவம்மாள் அக்காவின் வலது கையைப் பார்த்தால் போதும்.

ஆடிச் சாரலில், ஏழாம் நம்பர் காட்டில், தலையில் கொழுந்து மூட்டையோடு வழுக்கி விழுந்தாள். மணிக்கட்டு எலும்பு இரண்டாகப் போனது. எங்கள் கண் முன்னால். நாங்கள்தான் படுதாவில் போட்டு ரோட்டுக்குத் தூக்கி வந்தோம். போடிமெட்டு இறங்கி, போடியில் கட்டுப் போட்டோம்.

தொரை ஆபீஸில் உட்கார்ந்தபடியே எழுதினார்: குடியிருக்கிற லயத்துப் பைப்படியில் தண்ணீர் பிடிக்கும்போது விழுந்தாள், வேலை நேர விபத்து இல்லை.

பார்த்த பதினொரு பேரும் போய்ச் சொன்னோம். ஒரே லயத்துக்காரிகள் சொல்வதெல்லாம் சாட்சியா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்.

விபத்து என்று எழுதிக் கொடுத்தால், கை தேறும்வரை அக்காவுக்கு வேலை நிலைக்கும். இல்லையென்றால் அந்த மாசக் கடைசியில் பெயரை வெட்டிவிடுவார்கள். பெயர் போனால் லயத்து வீடும் போகும். மாசம் முடிய நாலு நாள்தான் இருந்தது.

அந்தக் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு அவளும் எங்களோடு நிற்கிறாள், தொரையைத் தாங்க. இதைவிடக் கூத்து உண்டா?

"நான் விசில் அடிச்சதும் சார் சாய்வார். நீங்க பிடிக்கணும், ஓகேயா?" என்றது மேடம்.

தலையாட்டினோம். தலையாட்டுவதில் எங்களை யாரும் குறை சொல்ல முடியாது.

ஒன். டூ. த்ரீ. விசில்.

முதலில் திரும்பியது குருவம்மாள் அக்கா. அடுத்து நான். அப்புறம் மிச்சப் பேரும் திரும்பி, லயத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தோம்.

பின்னால் பொத்தென்று ஒரு சத்தம். தொரை தன் அம்மாவைக் கூப்பிட்டார்.

ஓடிப்போய்த் தூக்கினோம், இல்லையென்று சொல்லக்கூடாது. பாவமாகவும் இருந்தது, ஒரு நிமிஷம்.

மேடத்துக்கு அழுகையே வந்துவிட்டது. ஏன் திரும்பினீர்கள், ஏன் என்று கேட்டுக்கொண்டே நின்றது.

"விசில் அடிச்சா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம் மேடம். எங்க கங்காணி அப்படித்தான் அடிப்பாரு. இருவது வருசப் பழக்கம், காலு தானா திரும்பிருச்சு," என்றேன்.

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டது. இதை முதலிலேயே விசாரிக்காதது தன் தப்பு என்று தொரையிடம் மன்னிப்புக் கேட்டது. தொரையும் முனகிக்கொண்டே சரி என்றார். கங்காணி மோகனசுந்தரம் தொப்பியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

தொரைக்கு உட்காருகிற இடத்து எலும்பில் அடி. உட்கார முடியவில்லை. ஜீப்பின் பின்சீட்டில் குப்புறப் படுக்க வைத்தார்கள்.

அக்காவுக்கு இரண்டு மாசமாகக் கிடைக்காத விபத்து ஃபாரம் தொரைக்கு அரை மணியில் வந்தது. வேலை நேரம், வேலை இடம், எல்லாம் கிளார்க் ராஜசேகரே நிரப்பிவிட்டார். நேரில் பார்த்த தொழிலாளிகள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. எங்களிடம் பேனாவை நீட்டினார். விழும்போது நாங்கள் முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தோமே என்று அந்த மனுஷனுக்கும் தோன்றவில்லை.

குருவம்மாள் அக்கா ஜீப்புக்குள் தலையை விட்டாள்.

"நாங்க ஒரே லயத்துக்காரிக தொரை, எங்க சாட்சி செல்லுமா? செல்லும்னா எனக்கும் ஒண்ணு எழுதுங்க. ரெண்டுலயும் போட்டுருதோம்."

தொரை கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். குப்புறப் படுத்தவர் வேறெதைப் பார்ப்பார்? பிறகு ராஜசேகரிடம் இன்னொரு ஃபாரம் எடுக்கச் சொன்னார். இடம், ஏழாம் நம்பர் காடு. படுத்தபடியே கையெழுத்துப் போட்டார்.

நாங்களும் போட்டோம், இரண்டிலும். மேடம் அதை போட்டோ எடுத்துக்கொண்டது. நம்பிக்கை வந்ததற்கு அத்தாட்சியாம்.

ஜீப் வளைவு தாண்டியதும் கங்காணி என் பக்கத்தில் வந்தார்.

"ஏத்தா, நான் எப்ப விசில் அடிச்சேன்?"

அடித்ததே இல்லை. மனுஷனிடம் விசிலே கிடையாது. சாயங்காலம் மேட்டில் நின்று "போதும், எறங்குங்க" என்று தொண்டை கிழியக் கத்துவார், அவ்வளவுதான். இங்கே வந்த மூன்று வருஷத்தில் ஒரு சாயங்காலமாவது காட்டுப் பக்கம் வந்திருந்தால், தொரைக்கும் அது தெரிந்திருக்கும்.