மால்டாவில் இறங்க ஓர் உடை

பெட்டியைக் கட்டிலில் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். கறுப்பாக ஒரு துணிகூட இல்லை.

எலுமிச்சை மஞ்சளில் பருத்திச் சட்டைகள். கடல்பச்சையில் கால்சட்டை. பூநாரைப் படம் போட்ட கவுன். விருந்து இரவுக்கென்று வாங்கிய ஜிகினா உடை.

"கலர் கலரா எடுத்துக்கோ ப்ரெண்டா. நாம என்ன சாவு வீட்டுக்கா போறோம்?" என்று என் கையிலிருந்த கருநீலத்தைப் பிடுங்கிக் கடையிலேயே திரும்ப மாட்டியவர் என் கணவர் கீத்.

நேற்றுக் காலை, டீ எடுத்து வருகிறேன் என்று போனவர் லிஃப்ட் வாசலில் விழுந்தார். கப்பல் டாக்டர் ஓடி வருவதற்குள் மூச்சு நின்றிருந்தது. இப்போது அவர் எங்கோ கீழே, பயணிகள் யாரும் போகாத ஒரு தளத்தில், குளிரில் கிடக்கிறார்.

நாளைக் காலை மால்டா துறைமுகம். அவரை அங்கேதான் இறக்குகிறார்கள். கூடவே நானும் இறங்க வேண்டும். லீட்ஸிலிருந்து மகள் விமானம் பிடித்து வந்துகொண்டிருக்கிறாள்.

பூநாரை கவுனைப் போட்டுக்கொண்டு என் கணவரின் சவப்பெட்டிக்குப் பின்னால் எப்படி நடப்பேன்?

கப்பல் கடையில் போய்க் கேட்டேன். கறுப்பு இருந்தது. முதுகு முழுக்கத் திறந்த, மணி வைத்துத் தைத்த உடை. கடைப்பெண் பாவம், ஒன்றும் அறியாமல், "இன்னிக்கு டான்ஸுக்கா மேடம்?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வந்து இந்தத் துணிக்குவியலைப் பார்த்து அழுதேன். கீத் செத்ததற்குக்கூட இவ்வளவு அழவில்லை. சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அப்போதுதான் கதவு தட்டும் சத்தம் கேட்டது. டோரீன்.

சவுத்தாம்ப்டனில் ஏறிய முதல் நாளிலிருந்து சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு எதிரே உட்காருகிறவர். கணவர் நார்மனோடு பல முறை கப்பலேறியவர். பெண்கள் எதை எடுத்து வர வேண்டும், எதை வீட்டிலேயே விட்டு வர வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டால் அவரை நிறுத்த முடியாது. கல் பதித்த தெருக்களுக்குத் தட்டைச் செருப்பு. தேவாலயத்துக்குள் தோளை மூட ஒரு சால்வை. மேல்தளத்துக் காற்றுக்குத் தடித்த சட்டை.

லிஸ்பனில் நான் குதிகால் உயர்ந்த செருப்போடு கிளம்பியபோது, "ஏன்டியம்மா, கால் ரெண்டையும் இங்கயே விட்டுட்டு வரப் போறியா?" என்று திட்டி, தன்னுடைய ஒரு ஜோடியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டவர்.

நார்மன் இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டே இருப்பார். அவரும் கீத்தும் கால்பந்து பேச ஆரம்பித்தால் நாங்கள் எழுந்து போய்விடுவோம்.

டோரீன் கையில் உறை போட்ட ஓர் உடை இருந்தது. உறையை நீக்கினார்.

கறுப்பு. முழங்காலுக்குக் கீழே வரும் நீளம். முழுக்கை. எங்கும் ஒரு வேலைப்பாடும் இல்லை. புதுத்துணி வாசனை இன்னும் போகவில்லை.

"போட்டுப் பாரு கண்ணு. இடுப்புல கொஞ்சம் லூசா இருக்கும், ஊசி குத்திக்கலாம்."

போட்டுக்கொண்டேன். முதுகு ஜிப்பை அவர்தான் ஏற்றிவிட்டார். ஏற்றிய கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் என் தோளிலேயே வைத்திருந்தார்.

கண்ணாடியில் கீத்தின் விதவை நின்றுகொண்டிருந்தாள்.

"இதையும் எடுத்துட்டு வரணும்னு நீங்க சொல்லவே இல்லியே," என்றேன். ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் பேசினேன்.

டோரீன் கட்டிலில் இறைந்து கிடந்த என் துணிகளை மடிக்க ஆரம்பித்தார். ஜிகினா உடையை எடுத்தவர் அதை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

"எல்லாம் முடிஞ்சதும் அந்தக் கறுப்பு டிரெஸ்ஸ மறக்காம அனுப்பி வெச்சிடு ப்ரெண்டா. எனக்கு அது வேணும்."

சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன்.

"கிறிஸ்மஸ் தாண்டறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டார். இவருக்கு இன்னொரு தடவ கடலப் பாக்கணுமாம். வழியிலயே ஏதாவது ஆயிட்டா என்ன பண்றதுன்னு, பெட்டிக்குள்ள அடியில போட்டு எடுத்துட்டு வந்தேன். டிரெஸ் விஷயம் நார்மனுக்குத் தெரியாது. தெரிஞ்சா நொந்து போயிடுவார்."

நான் அவரைக் கட்டிக்கொண்டேன். அவர் அழவில்லை. "துணி கசங்குது பாரு," என்று என்னை விலக்கிவிட்டார்.

மறுநாள் காலை இறங்குபாலத்தின் அருகே டோரீனும் நார்மனும் நின்றிருந்தார்கள். கீழே துறைமுகத்தில் நீளமான வண்டி ஒன்று காத்திருந்தது. பக்கத்தில் என் மகள். வெயில் அப்போதே கண்ணைக் கூச வைத்தது.

டோரீன் என் இடுப்பைத் தொட்டு ஊசி சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, என் பெட்டியைத் தூக்கிப் போகும் பணியாளரிடம் ஏதோ சொல்ல விரைந்தார்.

நார்மன் தொப்பியைக் கழற்றினார். என்னைத் தலையிலிருந்து கால்வரை மெதுவாக ஒருமுறை பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை எவ்வளவு லேசாக இருந்தது!

மனைவி தூரத்தில்தான் இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டு, குனிந்து என் காதருகே சொன்னார்.

"அந்த டிரெஸ்ஸைத் திருப்பி அனுப்ப ஒண்ணும் அவசரமில்லம்மா. எவ்வளவு லேட்டா முடியுமோ, அவ்வளவு லேட்டா அனுப்பு."

டோரீன் திரும்பி வருவதற்குள் அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.