மூன்று கடலும் வேண்டாம்

சுற்றுலாப் பட்டியலின் மேல் தேநீரைக் கொட்டியவர் கிளாக்கர் தனேஸ்வரனேதான். பழிபோட அலுவலகத்தில் ஒரு பூனைகூட இல்லை. அதனால் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கே வந்து, யார் யாருக்கு எந்தக் கடல் என்று மறுபடியும் கேட்டு எழுதினார். போர் ஓய்ந்திருந்த சமாதானக் காலம், கொஸ்லந்தைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து முதல்தடவையாகக் கிழக்குக் கரையின் மூன்று இடங்களுக்கு பஸ் போகப்போகிறது.

கொழுந்து பறிக்கும் செவனம்மா மட்டும் எதற்கும் மசியவில்லை.

“பாசிக்குடா?”

“வேணாங்க கிளாக்கரையா.”

“அறுகம்பை?”

“வேணாங்க.”

“திருகோணமலையில கோயிலும் இருக்கு, வெந்நீர்க் கிணறும் இருக்கு. பஸ்ஸும் சோறும் தோட்டத்துத் துரை சும்மா தாறார். கடல் உன்னை விழுங்கிப்போடுமெண்டு பயமோ?”

பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: “நெசமாவே அக்கரை தெரியாதுங்களா?”

“இவ்வளவு ஆசையை வச்சுக்கொண்டு ஏன் வரமாட்டாய்? உண்மையைச் சொல்லு!”

“ஆளுங்க முன்னாடி ஒங்களக் குத்தஞ் சொல்ல வேணாம்னு பாத்தேங்க. போற வழியெல்லாம் ஆமிக்காரங்க அடையாள அட்டை கேப்பாங்க. எங்கிட்ட இல்ல. அதுக்கு எழுதின விண்ணப்பப் பாரத்த ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒங்க கையிலதான் குடுத்தேன். அது இன்னமும் ஒங்க மேசையிலதாங்க கெடக்கு.”