இரவல் காரின் மஞ்சள் விளக்கு

"இது லைட்டை அணைக்குமா, இல்ல ஏன் எரியுதுன்னு சொல்ல மட்டும் செய்யுமா?"

சீனு கையில் வைத்திருந்த கருவி கால்குலேட்டர் அளவுதான் இருந்தது. காரில் உள்ள கம்ப்யூட்டரோடு இணைத்தால் கோளாறு எங்கே என்று சொல்லும் ஸ்கேனர். ஜே.சி. ரோட்டில் கார் உதிரி பாகங்கள் விற்கும் மதலைமுத்து, அவசரமாக வருகிறவர்களிடம் ஒருபோதும் அவசரம் காட்டாதவர்.

"அது நம்பர் மட்டும் காட்டும் சார். அர்த்தத்தைப் புத்தகத்துல தேடிக்கணும். அழிக்காது."

"அழிக்கிறது எது?"

மதலைமுத்து வேறொன்றை எடுத்து வைத்தார். "இது. கோளாறோட பேரையும் சொல்லும், லைட்டையும் அழிக்கும். அந்தப் பெரிய பொட்டி பிரேக், ஏர்பேக் எல்லாம் பாக்கும். அது கேரேஜ்காரங்களுக்கு. வீட்டுல சொந்தமா ஸ்பேனர் பிடிக்கிறவருக்கு எதுக்கு? அதோட விலையைக் கேட்டா உங்க வண்டியே வெக்கப்படும்."

சீனு சிரிக்கவில்லை. கடை வாசலில் நின்ற வெள்ளைக் காரைத் திரும்பிப் பார்த்தான்.

"எங்க வண்டி இல்லீங்க. அதான் பயமே. என் சம்சாரத்தோட அண்ணன் வண்டி. இரவல்."

மதலைமுத்துவும் காரைப் பார்த்தார். கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தார்.

மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தையோடு சீனுவின் மனைவி வீணா உள்ளே வந்தாள்.

"என்ன, ஆச்சா? நேரமாகுது."

"இரு, கேட்டுட்டிருக்கேன்."

"கேட்டுக்கிட்டே இருங்க." அவள் மதலைமுத்துவிடம் திரும்பினாள். "நாங்க லவ் மேரேஜுங்க. கல்யாணத்துக்கு அப்புறம் அண்ணன் என் முகத்துலயே முழிக்கலை. குழந்தைக்கு மொட்டைன்னு கேள்விப்பட்டு அவரே ஜோகுபாளையத்துக்கு எங்க வீடு தேடி வந்து, கோயிலுக்கு எடுத்துட்டுப் போங்கன்னு சாவியை நீட்டினாரு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. போறப்ப ஒண்ணுமில்ல. திரும்பி வர்றப்ப அத்திபெலேகிட்ட மஞ்சளா எரிய ஆரம்பிச்சிடுச்சு. இவரு எந்தப் பள்ளத்துல விட்டாரோ."

"எந்தப் பள்ளத்துலயும் விடலை. குழந்தையைத் தூக்கிட்டு நடக்கிற மாதிரிதான் ஓட்டினேன்."

"கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டு டேப் ரெக்கார்டரைப் பிரிச்சப்பவும் இப்படித்தான் சொன்னீங்க. அப்புறம் அது பாடவே இல்ல. இவரு கை பட்டது விளங்காதுன்னு அண்ணன் சாவி குடுக்கறப்பக்கூடச் சொன்னாரு."

அவள் கைப்பையில் மொபைல் அலறியது. எடுத்துப் பார்த்தவளின் முகம் வெளுத்தது.

"சொல்லுங்கண்ணா... வந்துட்டே இருக்கோம்... இல்லண்ணா, வண்டி நல்லாத்தான் போகுது... ஒரு தொந்தரவும் இல்ல... சரிண்ணா."

வைத்துவிட்டு மூச்சு விட்டாள். "காலையிலேர்ந்து போன் மேல போன். வண்டி எப்படி இருக்கு, ஏதாவது தொந்தரவு உண்டான்னு. நம்ம மேல எவ்வளவு அக்கறை பாருங்க."

"அக்கறை இல்ல, சந்தேகம்," என்றான் சீனு. "இந்த லைட்டைப் பார்த்தாருன்னா என்னை எவ்வளவு வேணா திட்டட்டும், வாங்கிக்கலாம். உன்கிட்ட மறுபடி பேச்சை நிறுத்திட்டா?"

வீணா குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

மதலைமுத்து காரில் ஏறி, ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினார். சின்னத் திரையில் எழுத்துகள் ஓடி நின்றன.

"சைலன்சர் பைப்புல இருக்கற ஆக்ஸிஜன் சென்சார் போயிருக்கு."

"நான் ஓட்டினதாலயா?"

"யார் ஓட்டறாங்கன்னு பார்த்து அது கெட்டுப் போறதில்ல சார்."

"இப்பவே மாத்திடலாமா?"

"பார்ட் சென்னையிலேர்ந்து வரணும்."

"அண்ணன் இருட்டறதுக்குள்ள வண்டி வேணும்னாரு," என்றாள் வீணா. "லைட்டை மட்டும் அழிச்சிடுங்க. திரும்ப எரியாதுல்ல?"

"எரியும்மா. கோளாறு அப்படியேதானே இருக்கு. நல்லா ஒரு ஓட்டம் ஓடினா மறுபடி எட்டிப் பாக்கும். அப்ப ஸ்டியரிங் யார் கையில இருக்கோ, அவர் தலையில விழும்."

"அப்ப வேணாங்க." வீணா சீனுவின் கையைப் பிடித்தாள். "கூடப் பொறந்தவர் தலையில கட்டறதா? அது பாவம். நடந்ததைச் சொல்லிடலாம்."

"தலையில கட்டலை வீணா. பார்ட் வந்ததும், வண்டியைக் கழுவித் தரேன்னு வாங்கிட்டு வந்து, நானே நம்ம வாசல்ல வெச்சு மாத்திடறேன். அவருக்குத் தெரியவே வேணாம். இந்த மிஷினைக் குடுங்க சார், அந்த சென்சாருக்கும் ஆர்டர் போட்டுக்குங்க."

மதலைமுத்து ஒரு பொத்தானை அழுத்தினார். மஞ்சள் விளக்கு அணைந்தது. வீணா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள்.

சொன்ன விலைக்குச் சீனு பணத்தை எண்ண ஆரம்பித்தான். மதலைமுத்து அதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார். மீதியை அவன் சட்டைப் பையிலேயே செருகினார்.

கார் தெரு முனை திரும்பும் வரை கல்லாவில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த அவர் தம்பி ஓஸ்வால்ட், அதற்கு மேல் தாங்க முடியாமல் கேட்டான்.

"என்னண்ணா, உடம்பு சரியில்லையா? பேரமே பேசாத கிராக்கிக்கு எதுக்குப் பாதி விலை?"

"இந்த வண்டிக்கு இது ரெண்டாவது மிஷின்டா. நீ லீவுல இருந்தப்ப இதோட ஓனரே வந்தாரு. இதையே வாங்கினாரு, இங்கயே லைட்டை அழிச்சாரு. சென்சாரை மாத்தாம அழிச்சு என்ன சார் பிரயோஜனம்னு கேட்டேன். தங்கச்சி புருஷனுக்கு ஒரு நாள் இரவல் குடுக்கப்போறேன்னாரு."