எதிரி பேசிய பாஷை

"'ஜெயிக்கப்போறது'ங்கறதை உங்க பாஷையில எப்படிடா சொல்லுவீங்க?"

ஒரு வாரமாக இடியண்ணனுக்கு இதே வேலை. பத்து வருஷமாக முகமூடி மாட்டி, 'மண்ணின் மைந்தன்' வேஷத்தில் ஜெயித்துவரும் மல்யுத்த வீரர். கேட்டது, அயல்நாட்டிலிருந்து பிழைக்க வந்த புது வீரனை.

அவன் சொல்வான். இவர் நாக்கைச் சுழற்றுவார். 'ஜெயிக்கப்போறது' அவர் வாயில், அந்தப் பாஷையில் 'குளிக்கப்போறது' என்று அர்த்தமாகிவிடும். அவன் திருத்துவான். மறுபடியும் குளியல்தான்! சுற்றியிருப்பவர்கள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

நம்ம பாஷை இவருக்குக் கேலியாப் போச்சு என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். சீனியராச்சே, பல்லைக் கடித்துக்கொண்டான்.

போட்டி நாள். போட்டி நடத்தும் முதலாளி அவனிடம் ஒட்டுத்தாடியை நீட்டினார்.

"நீதான் எதிரி நாட்டு ராட்சசன். உங்க பாஷையிலேயே கத்து. சனம் கொதிக்கணும். கடைசியில மைந்தன் உன்னைத் தூக்கிப் போடுவான்."

"சார், முன் வரிசையில என் பொண்ணு, கிளாஸ் பிள்ளைங்களோட உக்காந்திருக்கா. நாளைக்கு அவளை 'ராட்சசன் பொண்ணு'ன்னு..."

"முடியாதுன்னா மூட்டையைக் கட்டு."

தாடியைப் பெஞ்சில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனான். திரும்பி வந்தால் தாடியைக் காணோம்! அந்த இடத்தில் மைந்தனின் முகமூடி.

"எங்கடா ஒளிச்சு வெச்சே?" முதலாளி எகிறினார்.

அதற்குள் வெளியே மைக் அலறியது. மேடையில் ஒட்டுத்தாடியோடு இடியண்ணன்! அந்நிய பாஷையில் முழங்கிக்கொண்டிருந்தார்.

"உன் நாட்டுக்கே ஓடுடா!" பக்கத்துத் தெருவில் பிறந்த மனுஷனைப் பார்த்து அரங்கமே கத்தியது.

முதலாளி தலையில் கைவைத்தார். வேறு வழியில்லை. முகமூடியை அவனிடம் எறிந்தார்.

"நீ போ! வாயை மட்டும் திறக்காதே, பேச்சு காட்டிக்கொடுத்துடும்!"

பத்தே நிமிஷம். ராட்சசனை அலாக்காகத் தூக்கிப் போட்டான்.

"நம்ம மண்ணோட சிங்கம்டா!" ஓடச் சொன்ன அதே ஆட்கள் அவனைத் தோளில் தூக்கிவைத்து ஆடினார்கள்.

உள்ளே வந்து முகமூடியைக் கழற்றியதும் மகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"எங்க கிளாஸே உனக்குத்தாம்ப்பா கைதட்டுச்சு!"

"முகமூடிக்குள்ள நான்தான்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அந்தத் தாடி மாமாதான் மைக்குல நம்ம பாஷையில சொன்னாரேப்பா... 'பயப்படாதே பாப்பா, இன்னிக்குக் குளிக்கப்போறது உங்க அப்பாதான்'னு!"