நத்தை வாளி

"என் டிகிரி சர்டிபிகேட்டைக் குடுங்கப்பா."

அதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மகள் நத்தை வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேவிட்டாள்.

"பாத்தியில நத்தை ஒழிஞ்சாத்தான் வெளியூர் வேலைன்னு சொன்னேன்ல?" அப்பா வாளியை எட்டிப் பார்த்தார். "இன்னிக்கும் ரொம்பி வழியுது. முட்டைக்கோஸ் மொட்டைக்கோஸ் ஆயிடுச்சு. ஒரு நத்தையை விரட்டத் துப்பில்ல, குடும்பத்துல முதல் பட்டதாரியாம்."

"சாம்பல் போட்டேன், முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டேன், தினம் கையாலயும் பொறுக்குறேன். இன்னும் என்ன செய்யணும்?"

"பிள்ளையைக் கரிச்சுக் கொட்டாதீங்க," என்று அம்மா குறுக்கே வந்தாள். "அவ பொறுக்குறதையெல்லாம் நான்தானே பாலத்துக்கு அந்தப் பக்கம் கொட்டிட்டு வரேன். எங்கிருந்துதான் வருதோ சனியன்."

அந்த வீட்டில் மகளுக்காகப் பேச அம்மா ஒருத்திதான்.

அப்பா துண்டை உதறிக்கொண்டு குளிக்கப் போனார். அம்மா வாளிக்குக் கை நீட்டினாள். "குடும்மா, கொட்டிட்டு வரேன்."

"வேணாம். நேத்து உன்கிட்ட குடுக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணு முதுகுலயும் நெயில் பாலிஷ் வச்சேன்."

அம்மா குனிந்து பார்த்தாள். வாளிக்குள் ஓட்டுக்கு ஓடு சிவப்புப் பொட்டு.

"நீயும் போயிட்டா இந்த வீட்ல நான் யாருகிட்டடி பேசுவேன்?" குரல் எழும்பவே இல்லை.

காலையில் பாத்தியைப் பார்த்த கையோடு மகள் பையைக் கட்டி முடித்திருந்தாள்.

"சர்டிபிகேட் இங்கயே கிடக்கட்டும். காலேஜ்ல வேற வாங்கிக்கிறேன்."

ஒரு கையில் பையும் மறு கையில் வாளியுமாக வாசலைத் தாண்டினாள்.